பெரிய இன்ஜின் ஸ்போர்ட்ஸ் கார்கள் இனி என்ன ஆகும்? பெங்களூரு தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விட்டல் மல்லையா ரோட்டில் ஒரு லம்போர்கினி உறுமிக்கொண்டு போனால் அல்சூர்ப் பையன்கள் பைக்கை ஓரம் கட்டிவிட்டுப் பார்ப்பார்கள். அடுத்த நொடியே ஒருவர் சொல்வார்: "இதெல்லாம் இன்னும் கொஞ்ச நாள்தான் மச்சி, எல்லாம் பேட்டரி ஆயிடும்." அது எவ்வளவு தூரம் உண்மை என்பதுதான் எனக்கு வரும் கேள்விகளில் முக்கால்வாசி. மீதி கால்வாசி வரி, பெட்ரோல், பழைய வண்டி பற்றியவை. எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

பெரிய இன்ஜின் என்று எதைச் சொல்கிறீர்கள்? எத்தனை சிசி?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நம் ஜிஎஸ்டி கணக்கில் 1,200 சிசியைத் தாண்டிய பெட்ரோல் காரே பெரிய கார்தான். சுங்கத் துறை பெட்ரோலில் 3,000 சிசிக்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் உலகத்தில் பொதுவாக நாலு லிட்டராவது, எட்டு சிலிண்டராவது இருந்தால்தான் அந்தப் பேச்சு வரும்.

ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய அரை லிட்டர் என்பது கார் இன்ஜினுக்கு நன்றாக ஒத்துவரும் அளவு. அதைவிடப் பிஸ்டன் பெரிதானால் அதிவேகத்தில் சுழற்றுவது கடினம். அதனால்தான் ஐரோப்பியர்கள் சிசியைக் கூட்ட நினைத்தால் சிலிண்டரைக் கூட்டுகிறார்கள். ஃபெராரி 12சிலிண்ட்ரியின் 6.5 லிட்டரைப் பன்னிரண்டால் வகுத்தால் 541 சிசி வரும். புகாட்டி டூர்பியோனின் 8.3 லிட்டரைப் பதினாறால் வகுத்தால் ஏறக்குறைய 520. அமெரிக்கர்கள் மட்டும் எட்டே சிலிண்டரில் 6.2 லிட்டரை அடைத்து, மெதுவாகச் சுழலவிட்டு, இழுவிசையால் வேலை வாங்குவார்கள்.

சிசி மட்டும் எதையும் சொல்லிவிடாது. அசோக் லேலண்ட் லாரியின் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினும் ஏறக்குறைய 5.7 லிட்டர்தான். அதில் கிடைப்பது 200 ஹெச்பி பக்கம். அதைவிடச் சற்றே பெரிய ஃபெராரி இன்ஜினில் கிடைப்பது 830 குதிரை. லாரி இன்ஜின் பல லட்சம் கிலோமீட்டர் உழைக்க வேண்டும். ஃபெராரி இன்ஜின் நிமிடத்துக்கு 9,500 சுற்று சுற்ற வேண்டும்.

நேராகச் சொல்லுங்கள், அழிந்துவிடுமா?

அழியாது. மாடி ஏறிவிடும். என்னுடைய கணிப்பு இதுதான், இந்தப் பக்கத்தில் மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய இன்ஜின் செத்துவிட்டது என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டு மே மாதம் ஃபெராரி, டர்போவும் (எக்ஸாஸ்ட் காற்றால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் சக்கரம்) மின்மோட்டாரும் இல்லாத புது வி12 (வி வடிவில் பன்னிரண்டு சிலிண்டர்) காரை இறக்கியது. ஜூனில் புகாட்டி, காஸ்வொர்த் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய டர்போ இல்லாத வி16-ஐக் காட்டியது. அதே ஆண்டில் ஆஸ்டன் மார்ட்டின் வான்க்விஷ் 5.2 லிட்டர் வி12-ஓடு திரும்பி வந்தது. மூன்றும் கோடிகளில் புரளும் வண்டிகள்.

அதே காலத்தில் கீழே போனவை எவை? ஆடி ஆர்8-இன் வி10, ஜாகுவார் எஃப்-டைப்பின் வி8, டாட்ஜ் சேலஞ்சரின் வி8. சம்பாதித்துச் சேர்த்து வாங்கலாம் என்று ஒரு டாக்டரோ ஐடி கம்பெனி டைரக்டரோ நினைக்கக்கூடிய வண்டிகள் இவைதான். நடுப்படிதான் உடைகிறது.

நம் ஊரிலேயே இது ஒருமுறை நடந்து முடிந்த கதை. பெங்களூரில் எச்எம்டி சாவி கொடுக்கும் கடிகாரம் செய்தது. பக்கத்து ஓசூரிலிருந்து டைட்டன் குவார்ட்ஸ் வந்தது, மலிவாகவும் துல்லியமாகவும். எச்எம்டியின் கடிகார நிறுவனம் மூடப்பட்டது. ஆனால் சுவிட்சர்லாந்தில் பல லட்ச ரூபாய்க்குச் சாவி கடிகாரம் இன்றைக்கும் விற்கிறது. நேரம் பார்க்க யாரும் அதை வாங்குவதில்லை. புகாட்டி தன் வி16 காருக்கு ஒரு கடிகார நுட்பத்தின் பெயரை வைத்திருப்பது தற்செயல் இல்லை.

2035-ல் ஐரோப்பாவே பெட்ரோல் காரைத் தடை செய்கிறதே?

2023-ல் வந்த ஐரோப்பிய விதி, 2035 முதல் புதுக் கார்களின் கார்பன் வெளியீட்டை நூறு சதவீதம் குறைக்கச் சொன்னது. 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையமே அதைத் தொண்ணூறு சதவீதமாகத் தளர்த்தும் முன்மொழிவை வைத்தது.

யாரும் கவனிக்காத ஒரு வரி அந்த விதியிலேயே உண்டு. ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஆயிரம் காருக்குக் குறைவாக விற்கும் தயாரிப்பாளருக்கு இந்த இலக்கிலிருந்து விலக்கு. ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை விற்பவர்கள் 2035 முடியும் வரை தனிச்சலுகை கேட்கலாம். இத்தாலியில் இதை யார் கேட்டு வாங்கினார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. "ஃபெராரி திருத்தம்" என்றே செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள். ஆக, சட்டத்தின் கத்தி பெரிய இன்ஜின்மேல் நேராக விழவில்லை. லட்சக்கணக்கில் கார் விற்கிற கம்பெனியின் சராசரிமேல் விழுகிறது. அந்தக் கம்பெனி தன் சராசரியைக் காப்பாற்ற முதலில் பலி கொடுப்பது குறைவாக விற்கும் வி8 மாடலைத்தான்.

மாசு விதி கடுமையானால் இன்ஜின் சிறிதாகத்தானே வேண்டும்?

பத்தாண்டாக எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், தயாரிப்பாளர்கள் உட்பட. இப்போது காற்று திசை மாறுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சின்ன இன்ஜினில் பெரிய டர்போவை மாட்டி முழு மிதி மிதித்தால் எரியறை கொதிக்கும். எக்ஸாஸ்ட் வால்வும் டர்போ சக்கரமும் உருகாமலிருக்க, கம்ப்யூட்டர் ஒரு தந்திரம் செய்யும்: எரிவதற்குத் தேவையானதைவிட அதிகமாகப் பெட்ரோலை உள்ளே தெளிக்கும். அந்த உபரிப் பெட்ரோல் எரியாது. ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்கிய பெட்ரோலைத் தண்ணீர் போலத் தெளித்துச் சூடு தணிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடச் சோதனையில் அவ்வளவு மிதிப்பதில்லை என்பதால் இது பதிவாகாமல் தப்பித்துவந்தது. நிஜச் சாலையிலேயே கருவியை மாட்டி அளக்கும் சோதனை வந்ததும் (இந்தியாவில் 2023 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 மாசு விதியின் இரண்டாம் கட்டமும் அதைத்தான் கொண்டுவந்தது) இந்த விளையாட்டு சிக்கலாகிவிட்டது.

பெட்ரோலும் காற்றும் எப்போதும் சரியான விகிதத்திலேயே இருக்க வேண்டும் என்றால், அதே குதிரைத்திறனைக் குறைந்த அழுத்தத்தில் எடுக்க வேண்டும். அதற்கு இடம் வேண்டும், அதாவது சிசி. 2024-ல் வந்த போர்ஷே 911 ஜிடிஎஸ்ஸைப் பாருங்கள். மூன்று லிட்டராக இருந்த இன்ஜினை 3.6 லிட்டராக வளர்த்தார்கள். எல்லா வேகத்திலும் கலவை விகிதம் பிசகாமல் இருக்கவே இந்த ஏற்பாடு என்று போர்ஷே வெளிப்படையாகச் சொன்னது. இரண்டு டர்போவுக்குப் பதில் ஒன்று. அதன் தண்டிலேயே ஒரு மின்மோட்டார் இருப்பதால், எக்ஸாஸ்ட் காற்றுக்காகக் காத்திருக்காமல் மிதித்ததும் டர்போ சுழலும். பேட்டரி வெறும் 1.9 கிலோவாட்-மணி. முந்தைய மாடலைவிட எடை 50 கிலோதான் கூடுதல். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் ஒரு சுற்றுக்கு 8.7 விநாடி மிச்சம்.

இனி வரும் நல்ல ஸ்போர்ட்ஸ் கார்கள் பல இந்த வழியில்தான் போகும் என்று நினைக்கிறேன்: கொஞ்சம் பெரிய இன்ஜின், கொஞ்சம் சின்ன பேட்டரி.

மெர்சிடிஸ் சி63-இல் வி8-ஐ எடுத்துவிட்டு நாலு சிலிண்டர் போட்டார்களே, அது ஏன் எடுபடவில்லை?

தாளில் பார்த்தால் பிரமாதம். இரண்டு லிட்டர் இன்ஜின், பின்னால் மின்மோட்டார், மொத்தம் 680 குதிரை. பழைய நாலு லிட்டர் வி8-ஐவிடப் பலசாலி. இந்தியாவில் 2024 நவம்பரில் 1.95 கோடி ரூபாய் எக்ஸ்-ஷோரூம் விலையில் வந்தது.

எடை 2,100 கிலோவைத் தாண்டியது. அது போகட்டும். இரண்டு கோடி கொடுத்து வண்டி எடுத்தவர், காலையில் ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டு ஹேட்ச்பேக் போலவே சத்தம் வந்தால் என்ன செய்வார்? பல நாடுகளில் வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். மெர்சிடிஸின் ஸ்போர்ட்ஸ் பிரிவான ஏஎம்ஜி இப்போது புதிய வி8 இன்ஜினை உருவாக்கிக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டது. இதில் பொறியாளர்கள்மேல் தப்பில்லை, அந்த நாலு சிலிண்டர் உண்மையில் ஓர் அற்புதம். விற்கப்போனவர்கள்தான் வாங்குபவர் எதற்குக் காசு கொடுக்கிறார் என்பதைத் தவறவிட்டார்கள்.

ஹைப்ரிட் சேர்த்தால் அது பெரிய இன்ஜின் காராகுமா? கலப்படம்தானே?

கலப்படம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் எல்லா ஹைப்ரிடும் ஒன்றில்லை.

லம்போர்கினி ரெவுவெல்டோவில் 6.5 லிட்டர் வி12 தன்னந்தனியாகவே 825 குதிரை கொடுக்கிறது. மூன்று மோட்டார்கள் சேர்ந்து 1,015 ஆகிறது. பேட்டரி 3.8 கிலோவாட்-மணி மட்டுமே. இங்கே மின்சாரம் துணைக்கு வந்திருக்கிறது. வி12 இன்னொரு தலைமுறை சட்டப்படி உயிரோடிருக்க வழி செய்திருக்கிறது. அதே லம்போர்கினியின் டெமராரியோ கதை வேறு. அதில் 2003 கல்லார்டோ முதல் ஹுராகான் வரை வந்த வி10 பரம்பரை முடிந்து, நாலு லிட்டர் இரட்டை டர்போ வி8 வந்திருக்கிறது. ஆனால் அந்த வி8 பத்தாயிரம் சுற்று வரை போகிறது, சாலைக் காரின் டர்போ இன்ஜினில் கேள்விப்படாத எண். எண்ணிக்கையில் இரண்டு சிலிண்டர் இழப்பு, குணத்தில் பெரிய இழப்பு இல்லை.

பெரிய பேட்டரி போட்டு, ஊருக்குள் மின்சாரத்திலும் ஓடும் வகையில் செய்யப்பட்டவைதான் சங்கடம். இப்போதைய பிஎம்டபிள்யூ எம்5 வி8-ஐ வைத்திருக்கிறது, 727 குதிரையும் இருக்கிறது. எடை 2,400 கிலோவுக்கு மேல். ஒரு திருப்பத்தில் அந்த எடையை எந்த மென்பொருளாலும் முழுசாக மறைக்க முடியாது.

மின்சாரக் கார் இதைவிட வேகமாகப் போகிறதே, பிறகு எதற்கு இந்த இன்ஜின்?

வேகத்துக்கு என்றால், தேவையில்லை. 2003-ல் 500 குதிரை கொண்ட வி10 கல்லார்டோ நூறைத் தொட 4.2 நொடி எடுத்தது. 53 லட்சத்துக்கு வந்த பிஒய்டி சீல் பெர்ஃபார்மன்ஸ் 3.8 நொடியில் தொடுகிறது, உள்ளே குடும்பமே உட்கார்ந்திருக்க. 75 லட்சத்தில் அறிமுகமான எம்ஜி சைபர்ஸ்டர் 3.2 நொடி. சிக்னலில் யாரையாவது முந்துவதற்காகப் பெரிய இன்ஜின் வாங்குபவர் தப்பான கடைக்கு வந்திருக்கிறார்.

ஆனாலும் கூட்டம் எங்கே போகிறது என்று பாருங்கள். ரிமாக் நெவேரா 1,914 குதிரை கொண்ட மின்சாரக் கார். 150 வண்டிதான் செய்வதாக இருந்தது, அதையே விற்றுத் தீர்ப்பது சிரமமாக இருந்தது. அதன் நிறுவனர் மாட்டே ரிமாக்கே மேல்தட்டு வாடிக்கையாளர்கள் மின்சார ஹைப்பர்காரை விரும்பவில்லை என்று 2024-ல் ஒப்புக்கொண்டார். புகாட்டிக்கு வி16 போட முடிவெடுத்தவரும் அவர்தான். லம்போர்கினி தன் முதல் மின்சாரக் காரான லான்சடோரைத் தள்ளிப்போட்டது. ஃபெராரி 2025 அக்டோபரில் தன் முதல் மின்சாரக் காரின் அடிச்சட்டத்தையும் இயந்திர பாகங்களையும் காட்டியது. அதே நாளில் 2030-க்கான திட்டத்தையும் மாற்றி அறிவித்தது: நாற்பது சதவீத மாடல்கள் சுத்த பெட்ரோல், நாற்பது ஹைப்ரிட், மின்சாரம் இருபது மட்டும். முன்பு மின்சாரத்துக்கு வைத்திருந்த இலக்கு நாற்பது.

வி12-ஐ இழுத்து ஓட்டினால் என்ன கிடைக்கிறது? கிராங்க் ஒவ்வொரு 60 டிகிரி திரும்பும்போதும் ஒரு சிலிண்டர் எரிகிறது. ஒன்றின் தள்ளல் முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். அதனால் நடுக்கமே இல்லை, ஐயாயிரத்துக்கு மேல் சத்தம் ஒரே இழையாக ஏறும். மிதிக்கு ஏற்ற அளவு பலம், அளந்து கொடுத்ததுபோல. மின்மோட்டார் முதல் நொடியிலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறது; பிறகு ஏறுவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. இது என் ருசி. உங்கள் ருசி வேறாக இருந்தால் பணம் மிச்சம்.

பெங்களூரில் டர்போ இல்லாத இன்ஜின் பலம் குறைகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நாம் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறோம். இங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய பத்து சதவீதம் குறைவு. தானாக மூச்சிழுக்கும் இன்ஜினுக்கு அந்த அளவு ஆக்சிஜன் குறைகிறது, பலமும் குறைகிறது. டர்போ இன்ஜின் கூடுதலாகச் சுழன்று ஈடுகட்டிக்கொள்ளும்.

சென்னை வெயில் கொஞ்சம் கணக்கைச் சமன் செய்கிறது, சூடான காற்றும் லேசாகிவிடும் என்பதால். அங்கே 35 டிகிரி, இங்கே 27 என்று வைத்தால் வித்தியாசம் எட்டு சதவீதம் அளவில் நிற்கும். ஒரே வண்டியை ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகக் கீழே இறக்கிக்கொண்டு போகிறவர்கள் "ஆம்பூர் தாண்டினா வண்டி இன்னும் நல்லா இழுக்குதுங்க" என்று சொல்வது வெறும் பிரமை இல்லை.

இருபது சதவீத எத்தனால் பெட்ரோல் இந்த இன்ஜின்களுக்கு ஒத்துக்கொள்ளுமா?

புது வண்டி என்றால் கையேட்டைப் பாருங்கள். டேங்க் மூடிக்குப் பின்னாலும் இ10, இ20 என்று ஒட்டியிருப்பார்கள். எத்தனாலில் ஒரு லிட்டருக்குள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜ் ஆறேழு சதவீதம் இறங்கும். நாலு கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்காரர் அதைப் பற்றி அழமாட்டார். மறுபக்கம், எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், எரியறையைக் குளிர்விக்கவும் செய்யும்.

கவலை பழைய வண்டிக்குத்தான். ரப்பர் குழாய், சீல் எல்லாம் எத்தனாலுக்காகச் செய்யப்படாத காலத்தவை. மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் வண்டியாக இருந்தால் டேங்கை நிரப்பியே வையுங்கள், காற்றுக்கு இடம் விடாதீர்கள். 100 ஆக்டேன் பெட்ரோல் சில பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கிறது, விலையைப் பார்த்தால் தலை சுற்றும்.

வரி கணக்கை எளிதாகச் சொல்லமுடியுமா?

முழுசாக இறக்குமதியாகும் கார், துறைமுகத்தில் வந்து இறங்கும்போது ஒரு கோடி ரூபாய் என்று வையுங்கள். அடிப்படைச் சுங்கம் எழுபதும் விவசாய உள்கட்டமைப்புத் தீர்வை நாற்பதுமாக 110 சதவீதம் சேர்த்தால் 2.10 கோடி. அதன்மேல் ஜிஎஸ்டி நாற்பது சதவீதம் சேர்த்தால் 2.94 கோடி. கர்நாடக ரோடு டாக்ஸ், இருபது லட்சத்துக்கு மேல் 18 சதவீதம், செஸ் சேர்த்து இருபது. ஏறக்குறைய 3.53 கோடி. டீலர் லாபமும் இன்சூரன்ஸும் இதில் இல்லை.

அதே ஒரு கோடி மின்சாரக் காருக்கு? ஜிஎஸ்டி ஐந்து சதவீதம்தான். 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் காருக்கு 2024 முதல் கர்நாடகம் பத்து சதவீதம் வாங்குகிறது. 2.43 கோடி சுற்றி முடியும். வித்தியாசம் ஒரு கோடிக்கு மேல்.

வேடிக்கை என்னவென்றால், 2025 செப்டம்பர் 22-க்கு முன் பெரிய காருக்கு ஜிஎஸ்டியும் செஸும் சேர்ந்து 48 வரை போனது, பெரிய எஸ்யூவிக்கு ஐம்பது. நாற்பதானதில் பெரிய இன்ஜின் கொஞ்சம் மலிவாகிவிட்டது. 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தத்தின்படி அங்கிருந்து வரும் கார்களுக்கு, எண்ணிக்கை வரம்புக்குள், சுங்கம் படிப்படியாகப் பத்து சதவீதத்துக்கு இறங்கும். முதல் ஐந்து ஆண்டு அந்தச் சலுகை பெட்ரோல், டீசல் கார்களுக்குத்தான். ஆஸ்டன் மார்ட்டின் வி12 மேல் கண் வைத்திருப்பவர்கள் அவசரப்படாமல் இருக்கலாம்.

புதுச்சேரி நம்பர் போட்டுக்கொண்டால் ரோடு டாக்ஸ் மிச்சம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

வேண்டாம். வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மத்தியச் சட்டம். பெங்களூரு ஆர்டிஓ தூங்கவில்லை. 2025 பிப்ரவரியில் ஒரே நாளில் முப்பது சொகுசுக் கார்களைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் மகாராஷ்டிரப் பதிவு கொண்ட ஒரு சிவப்பு ஃபெராரி எஸ்எஃப்90-க்கு ஏறக்குறைய 1.42 கோடி ரூபாய் வரி வசூலித்தார்கள். ஊரே திரும்பிப் பார்க்கிற வண்டியை வாங்கிவிட்டு, ஆர்டிஓ மட்டும் பார்க்கக்கூடாது என்று நினைத்தால் எப்படி?

புது வி8 எட்டாது. பழைய மஸ்டாங் வி8 மாதிரி ஒன்று எடுக்கலாமா? என்ன பார்க்க வேண்டும்?

எடுக்கலாம். நடுப்படி உடைந்துபோன இந்தக் காலத்தில் சாதாரண வசதி உள்ளவருக்கு மிச்சமிருக்கும் கதவு இதுதான். ஃபோர்டு மஸ்டாங் 2016-லிருந்து சில ஆண்டுகள் ஐந்து லிட்டர் வி8-ஓடு இங்கே அதிகாரபூர்வமாக விற்றது, இந்தியாவில் விற்ற மாடலில் 401 குதிரை. சுலபமான இயந்திரம், டர்போ இல்லை, உதிரி பாகத்துக்கு உலகம் முழுக்கக் கடை.

ஓடிய கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஹெப்பாள் மேம்பாலத்தில் முக்கால் மணி நேரம் நின்ற வண்டிக்கு மீட்டரில் ரெண்டு கிலோமீட்டர்தான் ஏறியிருக்கும். ஆனால் அந்த முக்கால் மணியும் ஐந்து லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு ஆயிரத்து எழுநூறு லிட்டர் கொள்ளளவைக் காலி செய்து நிரப்பிச் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்திருக்கும். எதிர்க்காற்று இல்லை, விசிறி ஒன்றே துணை. அதனால் முதலில் பானெட்டைத் திறந்து, ரெடியேட்டர் குழாய்கள் பிளாஸ்டிக்கில் சேரும் இடங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த கூலன்ட், உப்புப் பூத்ததுபோல வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஓரத்தில் படிந்திருக்கும். விற்பவர் துடைத்திருந்தாலும் கிளிப்புக்குப் பின்பக்கம் தங்கிவிடும். பிளாஸ்டிக் கிளிப்பை விரலால் லேசாக அசையுங்கள். பொடிப்பொடியாக உடைந்தால் அந்த இன்ஜின் நிறைய வெந்திருக்கிறது.

ஸ்டார்ட்டைக் குளிர்ந்த இன்ஜினில் கேளுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடு பண்ணி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம். குறைவாக ஓடிய ஸ்போர்ட்ஸ் காரில் டயர் தேயாமலே கிழடாகியிருக்கும். நாலும் மாற்றுகிற செலவை விலையில் கழியுங்கள். உதிரி பாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் எல்லாம் கிடைக்கும் என்பது மாருதிக்குச் சரி. இந்த வண்டிக்கு சென்சார் ஒன்று போனாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வாரக்கணக்கில் ஆகும். அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கி வைக்காமல் இறங்காதீர்கள்.

செயற்கைப் பெட்ரோல் வந்து காப்பாற்றுமா?

சிலரை மட்டும். சிலி நாட்டின் தெற்கு முனையில் காற்றாலை மின்சாரத்தால் ஹைட்ரஜன் எடுத்து, கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்து பெட்ரோல் செய்யும் சோதனை ஆலை ஒன்றை போர்ஷேயும் கூட்டாளிகளும் 2022 இறுதியில் தொடங்கினார்கள். வேதியியல் வேலை செய்கிறது. ஆனால் அதே மின்சாரத்தை நேராக பேட்டரியில் ஏற்றினால் பல மடங்கு தூரம் ஓடலாம். விலை குறைய வெகுகாலம் ஆகும்; ஆண்டுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடும் வி12-க்கு விலை பொருட்டில்லை.

ரேஸில் என்ன நடக்கிறது? அங்கேயும் சிறுத்துவிட்டதா?

எஃப்1-இல் 2005 வரை மூன்று லிட்டர் வி10, 2013 வரை 2.4 லிட்டர் வி8, 2014 முதல் 1.6 லிட்டர் வி6 டர்போ ஹைப்ரிட். 2026 விதியில் பலத்தின் ஏறக்குறைய பாதி மின்சாரம். அதே நேரம், பந்தய விதிகளை வகுக்கும் சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பின் (எஃப்ஐஏ) தலைவரே வி8-ஐத் திரும்பக் கொண்டுவருவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

நம் ஆட்கள் உற்சாகமாகப் பின்தொடரும் அஜித் குமார் ரேஸிங் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷே கப் கார்களுக்கான 992 பிரிவில் மூன்றாவதாக வந்ததே, அந்த போர்ஷே 911 ஜிடி3 கப் காரில் இருப்பது டர்போ இல்லாத நாலு லிட்டர், ஆறு சிலிண்டர். இரவும் பகலும் இழுத்தாலும் தாங்குகிற எளிமை அதற்கு இருக்கிறது. வாடிக்கையாளர்களுக்கு விற்கும் ரேஸ் கார்களில் அந்த எளிமைக்கு இன்னும் மதிப்புண்டு.

வாங்கினால் எங்கே முழுசாக ஓட்டுவது? மைசூரு ரோட்டிலா?

மைசூரு ரோட்டில் கேமரா இருக்கிறது, வேக வரம்பு நூறு. புதிய சென்னை எக்ஸ்பிரஸ்வேயில் திறந்திருக்கும் பகுதியிலும் வரம்பு 120; பெரிய இன்ஜினுக்கு அது இரண்டாவது கியர் வேலை. நந்தி மலையில் ஞாயிறு காலை நாலு மணிக்கே பைக்கும் சைக்கிளும் நிறைந்துவிடும், அங்கே வேகம் காட்டுவது குற்றம், ஆபத்து.

டிராக்குக்குப் போங்கள். பெங்களூரிலிருந்து விடியற்காலை கிளம்பினால் மதியத்துக்குள் போய்ச்சேரும் தூரத்தில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் மெட்ராஸ் சர்க்யூட் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கிலோமீட்டர், அது சிறியது, பெரிய வி8-க்கு மூச்சு முட்டும். டிராக் நாள் எப்போது என்று முன்கூட்டியே விசாரித்துப் பதிவு செய்யுங்கள். இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் படியுங்கள்: டிராக்கில் நடக்கும் சேதத்துக்குச் சாதாரண பாலிசி பணம் தராது.